தோள் கொடுக்கும் இரும்பு

பெரிய வேட்டை ரைஃபிள் ஒன்றிலிருந்து, குறிபார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்கோப்பைக் கழற்றி, அதன் குழாயை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். வளையம் கவ்விப் பிடித்திருந்த இடத்தை ஒட்டி, கறுப்புப் பூச்சு உரிந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்கு அலுமினியம் பளிச்சென்று தெரிந்தால் அந்த ஸ்கோப் நகர்ந்திருக்கிறது என்று பொருள். எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும்? துப்பாக்கி பின்னால்தானே உதைக்கிறது, ஸ்கோப்பும் பின்னால்தான் போயிருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கீறல் வளையத்துக்கு முன்புறம் இருக்கிறது. ஸ்கோப் முன்னால் போயிருக்கிறது.

பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. நிற்கும் வண்டியை ஓட்டுநர் வெடுக்கென்று எடுத்தால் கால் வண்டியோடு போய்விடுகிறது. உடம்போ நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ரைஃபிள் என்ற வண்டி பின்னோக்கிக் கிளம்புகிறது. அதன் மேல் நிற்கும் பயணி ஸ்கோப். வண்டியைப் பொறுத்தவரை பயணி முன்னால் சரிகிறார். அவருக்குப் பிடிக்கக் கம்பி வேண்டும். அந்தக் கம்பிக்குத்தான் மவுண்ட் என்று பெயர்: துப்பாக்கியின் உடலான ரிசீவரில் திருகப்படும் அடிக்கட்டையும், ஸ்கோப்பைக் கவ்வும் இரண்டு வளையங்களும் சேர்ந்தது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக்காலம் முடிந்தது. கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. நமீபியா, ஜிம்பாப்வே, தான்சானியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் உரிமம் பெற்ற வேட்டை இன்றும் நடக்கிறது. அது சரியா தவறா என்பது பெரிய வழக்கு. இந்தக் கட்டுரை அதற்குள் போகவில்லை. ஆனால் ஒன்றில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இருக்க முடியாது. குறி தவறி, குற்றுயிராக முள்புதருக்குள் ஓடி ஒளியும் காட்டெருமையைவிடக் கொடுமையான காட்சி அந்தக் காட்டில் கிடையாது. விலங்குக்கும் அது நரகம், அதைத் தேடிப் புதருக்குள் நுழையும் தடம் காண்பவருக்கும் உயிராபத்து. சுடுபவரின் கை நடுக்கத்தாலும் குறி தவறலாம். சுண்டுவிரல் நகத்தளவு திருகு ஒன்று தளர்ந்ததாலும் தவறலாம். முன்னதற்குப் பயிற்சி வேண்டும். பின்னதற்குக் கொஞ்சம் இயற்பியல் தெரிந்தால் போதும். தெரிந்தும் அலட்சியமாக விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் கொண்டுவந்த .375 மேக்னம் தோட்டா, எருமை வேட்டையில் நூறாண்டுக்கு மேலாகப் புழங்குகிறது. பல ஆப்பிரிக்க நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தபட்சம் இந்த அளவாவது வேண்டும் என்பதுதான் நடைமுறை. அதன் குண்டு 19.4 கிராம், குழல்வாயை விட்டு விநாடிக்கு சுமார் 770 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கூடவே ஏறத்தாழ ஐந்து கிராம் வெடிமருந்து வாயுவாகி அதைவிட வேகமாகப் பீறிடுகிறது. முன்னால் போகும் உந்தம் எவ்வளவோ அவ்வளவு பின்னாலும் வர வேண்டும். ஸ்கோப்போடு சேர்த்து 4.3 கிலோ எடையுள்ள ரைஃபிள் விநாடிக்கு ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் தோளை நோக்கி வருகிறது. ஆற்றலில் சொன்னால் சுமார் 50 ஜூல். மான் வேட்டைக்குப் பயன்படும் .308 ரைஃபிளின் உதையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். .458 லாட் போன்ற தோட்டாக்களில் இது 90 ஜூலைத் தாண்டும்.

ஐம்பது ஜூல் என்பது தோளுக்குத்தான் கணக்கு. மவுண்டுக்கு அந்த வேகம் எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதே கணக்கு. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு மில்லிவிநாடியைச் சற்றே தாண்டும். உதையின் பெரும்பகுதி அதற்குள் நடந்து முடிந்துவிடுகிறது. குழலுக்குள் அழுத்தம் உச்சத்தைத் தொடும் கணத்தில் அது காற்றழுத்தத்தைப் போல 4000 மடங்கு. 9.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டின் பின்புறத்தில் அந்த அழுத்தம் செலுத்தும் விசையை ரைஃபிளின் எடையால் வகுத்தால், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 650 முதல் 700 மடங்கு வருகிறது. அரைக்கிலோ ஸ்கோப் அந்தக் கணத்தில் முந்நூற்று நாற்பது கிலோ எடையுள்ள பொருளைப் போல நடந்துகொள்கிறது. ஒரு பெரிய மோட்டார் பைக்கை இரண்டு சின்ன வளையங்களில் தொங்கவிட்டது மாதிரி. கண் இமைப்பதற்குள் அது முடிந்துவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இப்போது பிடிமானத்தின் பக்கம் வருவோம். வளையத்தின் திருகுகளைச் சுமார் 2 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குவது வழக்கம். மூன்றரை மில்லிமீட்டர் திருகில் அந்த முறுக்கு, தோராயமாக 280 கிலோ தொங்கவிட்டதற்குச் சமமான இழுப்பைத் தரும். ஒரு வளையத்துக்கு நான்கு திருகு என்றால் 1100 கிலோவுக்கு மேல். குழாயின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் அந்த இறுக்கத்தை உணர்வதால் உராய்வு இருபுறமும் வேலை செய்கிறது. உராய்வுக் கெழு 0.15 என்று கொண்டால் ஒரு வளையம் 330 கிலோ வரை நழுவாமல் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து 660. வேண்டியது 340. தாளில் இரண்டு மடங்கு பாதுகாப்பு.

அந்தக் குழாயில் துளி எண்ணெய் படிந்திருந்தால்? உராய்வு பாதியாகும். 660 கிலோ 330 ஆகிவிடும். வேண்டியதோ 340. பாதுகாப்பு மொத்தமும் ஒரு துளி எண்ணெயோடு போய்விட்டது. புது வளையங்கள் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவித்தான் பெட்டிக்குள் வருகின்றன. அதைத் துடைக்காமல் பொருத்தியவர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பயனில்லை. ஸ்பிரிட்டோ அசிட்டோனோ தொட்ட பஞ்சால் குழாயையும் வளையத்தின் உட்புறத்தையும் துடைப்பது ஐந்து நிமிட வேலை.

எண்ணெய் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். திருகின் மரையில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்குக்கு இழுப்பு மிக அதிகமாகிவிடும். சிலருக்கு ஸ்கோப் நழுவுகிறது. சிலருக்குக் குழாய் நசுங்கி, உள்ளே நகர வேண்டிய கண்ணாடிகள் சிக்கிக்கொள்கின்றன. இரண்டுக்கும் மூலம் எண்ணெய், இடம்தான் வேறு. கைக்கணக்கில் முறுக்காமல் முறுக்களவு காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

வளையம் தப்பித்தது என்றே வைத்துக்கொள்வோம். உண்மையான ஆபத்து அதற்குக் கீழே, அடிக்கட்டை ரிசீவரோடு சேரும் இடத்தில் இருக்கிறது. கடைகளில் பேசப்படுவதெல்லாம் வளையங்களைப் பற்றித்தான். அவைதான் கண்ணுக்குத் தெரிகின்றன. அடிக்கட்டை பெரும்பாலும் நான்கு திருகுகளில் நிற்கிறது. இங்கே இருபுற உராய்வு இல்லை. ஒரே ஒரு பரப்புதான். நான்கு திருகின் இழுப்பு 1120 கிலோ, அதில் 0.15 பங்கு 168 கிலோ. ஸ்கோப், வளையம், அடிக்கட்டை எல்லாம் சேர்ந்து 700 கிராம் என்றால் உச்சத்தில் தேவைப்படும் பிடிமானம் 470 கிலோவுக்கு மேல். மூன்றில் ஒரு பங்கைத்தான் உராய்வு தாங்குகிறது.

மீதியை யார் தாங்குகிறார்கள்? திருகுகளே, பக்கவாட்டில். நல்ல உருக்குத் திருகு உடனே வெட்டுப்பட்டுவிடாது. நான்கும் சேர்ந்தால் ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனால் திருகுக்கும் அது போகும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் அடிக்கட்டை அந்த மயிரிழை தூரம் முன்னே போய் முட்டும். இப்படிப் பக்கவாட்டில் அசையும் இணைப்பில் திருகுக்கு என்ன நேரும் என்பதை 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனையில் காட்டினார். திருகை நீளவாட்டில் இழுத்து இழுத்து விடுவதைவிடப் பக்கவாட்டில் அசைப்பதே அதை வேகமாகத் தளர்த்துகிறது. பரப்புகள் வழுக்கும் அந்தக் கணத்தில் மரையின் உராய்வும் செத்துப்போகிறது. திருகு தன் சரிவின் வழியே தானாகவே பின்னோக்கிச் சுழல்கிறது. யாரும் தொடாமலே திருகு கழலும் என்று மெக்கானிக்குகள் சொல்வதற்கு அறிவியல் விளக்கம் இதுதான்.

பெரிய ரைஃபிள்களுக்குத் திருகின் அளவைக் கூட்டுவது நல்ல துப்பாக்கித் தச்சர்களின் முதல் வேலை. அமெரிக்க அளவில் 6-48 என்று வழங்கும் 3.5 மில்லிமீட்டர் திருகை எடுத்துவிட்டு, 8-40 எனும் 4.2 மில்லிமீட்டர் திருகுக்குத் துளையைப் பெரிதாக்கி மரை வெட்டுவார்கள். முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை என்று தோன்றும். குறுக்குப் பரப்பு 40 விழுக்காடு கூடிவிடுகிறது. செய்ய வேண்டியதுதான். ஆனால் மேலே போட்ட கணக்கில் 168-ஐ 40 விழுக்காடு கூட்டிப் பாருங்கள்: 235. தேவையில் பாதிதான்.

ஆகவே, இறுக்கிக்கொண்டே போவதால் இந்தப் பிரச்சினை தீராது. திருகின் வேலை இரண்டு பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பது. சுமையை எதிர்த்து நிற்பது திருகின் வேலையல்ல. இரும்பின் மேல் இரும்பு முட்டி நிற்கும் ஒரு தோளின் வேலை. மரச் சட்டத்தில் தச்சர் ஆணியை நம்பாமல் பொளியும் கழுந்தும் வெட்டுவதும் இதே அறிவுதான். மவுண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உதை வரும்போது இது எதில் முட்டி நிற்கும்?

இந்தக் கேள்விக்கு மிக நல்ல பதில், அடிக்கட்டையே இல்லாத ரைஃபிள்கள். 1968-இல் வந்த ரூகர் எம்77-இல் வளையம் உட்காரும் மேடை ரிசீவரிலேயே வார்க்கப்பட்டது. மேடையில் அரைவட்டப் பள்ளம் வெட்டியிருக்கும்; வளையத்தின் அடியில் உள்ள முட்டு அதற்குள் இறங்கி நிற்கும். நான்கு திருகில் நிற்கும் அந்தப் பலவீனமான இணைப்பு அங்கே இல்லவே இல்லை. செக் நாட்டு சிஇசட் 550-இலும், அதன் முன்னோடியான பிர்னோ 602-இலும் ரிசீவரின் தலைப்பகுதியிலேயே டவ்டெயில் எனும் புறாவால் வடிவக் காடி கடைந்திருப்பார்கள். பின்லாந்தின் சாக்கோ இன்னும் ஒரு படி போய் அந்த டவ்டெயிலை ஆப்பு போலச் சரிவாக்கியது; உதை வர வர வளையம் ஆப்பில் ஏறி இறுகுகிறது. நழுவவைக்கும் விசையையே இறுக்கும் விசையாக மாற்றிய அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்படி வாய்க்காத ரைஃபிளுக்கு, ரிசீவரின் முன்பகுதியின் பின்விளிம்பில் முட்டும்படி அடியில் ஒரு பல் வைத்துக் கடைந்த அடிக்கட்டைகள் கிடைக்கின்றன. அதுவும் இல்லையென்றால் தச்சர் இரண்டு உருக்கு ஊசிகளை அடிக்கட்டைக்கும் ரிசீவருக்கும் நடுவே இறுக்கமாக அடித்து இறக்குவார். ரிசீவரின் வளைவும் அடிக்கட்டையின் வளைவும் பொருந்தாத இடங்களை எபாக்ஸி பசையால் நிரப்புவார். ஊசிக்கு இடைவெளி கிடையாது என்பதே அதன் பலம்.

அடிக்கட்டையின் மேல் வளையம் நிற்கும் இடத்துக்கும் இதே கேள்விதான். அமெரிக்க ராணுவம் 1995-இல் வரையறுத்த பிக்காட்டினி தண்டவாளத்தில் 10 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, 5.23 மில்லிமீட்டர் அகலத்தில் குறுக்குக் காடிகள் ஓடுகின்றன. வளையத்தின் குறுக்குப் போல்ட்டு அந்தக் காடிக்குள் இறங்குகிறது. அதற்கு முன்பிருந்தே புழக்கத்தில் உள்ள வீவர் வகையில் காடி 4.57 மில்லிமீட்டர். வீவர் வளையம் பிக்காட்டினி காடியில் உட்கார்ந்துவிடும், ஆனால் முன்பின் ஆட்டத்துக்கு இடம் இருக்கும். இங்கே பொருத்துகிறவரின் கை முக்கியம். வளையத்தைக் காடியில் வைத்ததும், குழல்வாய்ப் பக்கமாக விரலால் அழுத்தித் தள்ளிப் பிடித்துக்கொண்டே முறுக்க வேண்டும். போல்ட்டு காடியின் முன்சுவரைத் தொட்டு நின்றால் உதை வரும்போது அது சுவரை அழுத்தும். அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இறுக்கினால் ஓடிவந்து சுவரை அடிக்கும். அழுத்தத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம், ஆணியைக் கட்டைவிரலால் தள்ளுவதற்கும் சுத்தியலால் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஒரு விரல் தள்ளுதலில் தீர்ந்துபோகும் இந்தக் காரியத்தைச் செய்யாமல் விட்டு, பிறகு மவுண்டைக் குறை சொல்பவர்கள் அநேகம்.

தவிர்க்க வேண்டியது என்று நான் நினைக்கும் ஓர் அமைப்பும் உண்டு. முன்வளையம் அடிக்கட்டைக்குள் சுழன்று பூட்டிக்கொள்ளும். பின்வளையம் இடமும் வலமுமாக இரண்டு திருகுகளுக்கு நடுவே கிடுக்கியில் போல நிற்கும். அந்தத் திருகுகளைக் கூட்டிக் குறைத்து ஸ்கோப்பை இடவலமாக நகர்த்தலாம். மான் ரைஃபிளில் பல்லாண்டு உழைக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் பின்வளையத்துக்கு முட்டி நிற்கத் தோள் கிடையாது. இரண்டு திருகுத் தலைகளின் விளிம்புதான் பிடிமானம். பெரிய உதையில் அந்த விளிம்பு தேய்கிறது. முன்னே சரியும் ஸ்கோப் தலைகுனிந்து வாலைத் தூக்கவும் பார்க்கும். எடையின் மையம் ரிசீவருக்கு மேலே இருப்பதால் வரும் விளைவு அது. சுமை அதிகம் வரும் அந்தப் பின்பக்கத்தில் பிடிமானம் குறைந்த அமைப்பை வைப்பது எருமை ரைஃபிளுக்கு ஆகாது. ஸ்கோப் எவ்வளவு தாழ உட்கார்கிறதோ அவ்வளவுக்கு இந்தத் தூக்கலும் குறையும்.

இவ்வளவு கவலை எதற்கு என்றால், நூறு மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு வளையங்களில் ஒன்று, ஒரே ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் விலகினால் போதும்; நூறு மீட்டரில் குறி பத்து சென்டிமீட்டர் தள்ளிப்போகும். நாம் எழுதும் தாளின் தடிமன் அந்தப் பத்தில் ஒரு பங்கு.

ஸ்கோப்பின் எடையும் மவுண்டின் சுமைதான். எல்லாக் கணக்கிலும் எடை நேரடிப் பெருக்கல்: 300 கிராம் ஸ்கோப்புக்கு 200 கிலோ பிடிமானம் போதும் என்றால் 900 கிராமுக்கு 600 வேண்டும். எருமையை நூறு மீட்டருக்குள் சுடுவதுதான் வழக்கம். அதற்கு முன்முனை அகன்ற, இருபது மடங்கு பெரிதாக்கும் பெரிய ஸ்கோப்பை ஏற்றுவது மவுண்டுக்குச் செய்யும் அநியாயம். நேர்க்குழாயாக, ஒன்று முதல் நான்கைந்து மடங்கு வரை காட்டும் சிறியதே இங்கு உத்தமம். அதோடு, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே ஒன்பது, பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லையேல் பின்விளிம்பு புருவத்தை அரைநிலா வடிவில் கிழித்துவிடும்.

அலுமினியமா உருக்கா என்ற சண்டையில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. 7075 வகை அலுமினியக் கலவை சாதாரண உருக்கைவிட வலுவானது, எடையும் மூன்றில் ஒரு பங்கு. அதன் மரை மட்டும் உருக்கு மரை போலப் பல தடவை கழற்றி மாட்டுவதைத் தாங்காது. தோளும் பொருத்தமும் சரியாக இருந்தால் இரண்டும் நிற்கும். இல்லையென்றால் இரண்டும் நகரும். பொருத்தத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு வளையத்தை மட்டும் இறுக்கிவிட்டு ஸ்கோப்பின் மறுமுனையைக் கவனியுங்கள். அது இன்னொரு வளையத்தின் படுக்கையை விட்டு எழும்பினாலோ பக்கம் ஒதுங்கினாலோ இரண்டு வளையங்களும் ஒரே கோட்டில் இல்லை. அந்த நிலையில் முறுக்கினால் குழாய் வளையும். வளையத்தின் ஓரங்கள் மட்டுமே குழாயைத் தொடும். உருக்குத் தண்டில் அரப்பசை தடவி வளையங்களின் உட்புறத்தைச் சேர்த்து இழைத்துச் சரிசெய்யலாம். பந்துக்கிண்ண மூட்டு போல உள்ளே பாலிமர் துண்டுகள் வைத்த வளையங்களும் இருக்கின்றன; அவை தாமாகவே கோட்டுக்கு வந்துவிடும், பூச்சையும் கீறாது.

மரைப்பசையைப் பற்றி ஒரு வார்த்தை. கனெக்டிகட் மாநிலத்தின் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953-இல் உருவாக்கிய லாக்டைட், காற்று பட்டால் திரவமாகவே இருந்து, உலோக மரைகளுக்கு நடுவே காற்றில்லாமல் சிக்கும்போது இறுகும் அதிசயப் பொருள். நீல நிற வகை ஒரு துளி, அடிக்கட்டைத் திருகுகளில் போட வேண்டியதுதான். அது திருகைச் சுழலவிடாது. பிடிமானத்தைக் கூட்டாது.

காட்டில் இன்னொரு தேவை எழுகிறது. காயம்பட்ட எருமையைத் தேடி அடர்ந்த புதருக்குள் போகும்போது ஸ்கோப் தடை. எட்டடி தூரத்தில் பாய்ந்து வருவதை வட்டக் கண்ணாடிக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது. நெம்புகோல் இரண்டைத் திருப்பினால் ஸ்கோப் கையோடு வந்துவிடும் கழற்று மவுண்டுகள் இதற்காகத்தான் வந்தன. கழற்றிய பின் குழலின் மேலுள்ள இரும்புக் குறியே துணை. ஜெர்மானியத் தச்சர்கள் கைவேலையாகச் செய்துவந்த கொக்கி மவுண்டுகள் இந்த மரபில் மூத்தவை. ஒவ்வொரு கொக்கியையும் புகைக்கரி தடவி, ஒட்டிய இடத்தை அரத்தால் தேய்த்து, மறுபடி கரி தடவி, பரப்பு முழுதும் படியும்வரை பொருத்துவார்கள். கழற்றி மாட்டியபின் குறி பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்பதுதான் கழற்று மவுண்டின் பரீட்சை. மூன்று தோட்டா சுட்டு, கழற்றி, மாட்டி, மறுபடி மூன்று. இப்படி ஐந்தாறு முறை. எல்லாத் துளைகளும் ஒரே கொத்தில் விழ வேண்டும்.

எல்லா மவுண்டுக்கும் பொதுவான பரீட்சை அதைவிட எளியது. பொருத்தி முடித்ததும், வளையத்தின் முன்விளிம்பும் குழாயும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள், பாதி வளையத்திலும் பாதி குழாயிலுமாக. வளையமும் அடிக்கட்டையும் சேரும் இடத்தில் ஒன்று, அடிக்கட்டையும் ரிசீவரும் சேரும் இடத்தில் ஒன்று. காயட்டும். வேட்டைக்குக் கொண்டுபோகப்போகும் அதே முழுவலுத் தோட்டாவில் இருபது சுடுங்கள். பிறகு நிழலில் உட்கார்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் மூன்று கோடுகளையும் பாருங்கள். எங்காவது பூச்சு விரிந்து, நடுவே இழை போல உலோகம் தெரிந்தால் ஆலன் கீயை எடுத்து இன்னும் கொஞ்சம் முறுக்கத் தோன்றும். முறுக்காதீர்கள். முழுவதையும் கழற்றி, துடைத்து, எந்தக் கோடு விரிந்ததோ அந்த இணைப்பில் உதை எதில் முட்டுகிறது என்று பார்த்துவிட்டு, ரிசீவரிலிருந்து மேல்நோக்கி மறுபடி கட்டுங்கள்.